இன்னாருக்கு இன்னார் எழுதுவது

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஊரில் ஓ.எல். பரீட்சை வரை படித்தேன். அதிலும் கணக்கு இரண்டாம் தடவைதான் பாஸானது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிற ஆள் நான். அப்படியிருக்க ஒருவரைப் பற்றி எழுதி, அதை மற்றவர்கள் நேரம் செலவழித்துப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகப்படி என்று எனக்கே தெரிகிறது. ஆனால் எங்களில் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நான் அவரை அண்ணை என்று கூப்பிட்டேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். மூன்று வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

லண்டனின் கிழக்கே இல்ஃபோர்ட்டிலிருந்து இருவரும் ஒரே ரயிலில்தான் வேலைக்குப் போவோம். எலிசபெத் லைன் ரயிலில் முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை உள்ளுக்குள்ளேயே நடந்து போகலாம். இருக்கை காலியாக இருந்தாலும் அவர் உட்கார மாட்டார். இந்தத் தொங்கலுக்கும் அந்தத் தொங்கலுக்கும் நடந்துகொண்டே இருப்பார். என்னைக் கடக்கும்போது ஒரு வார்த்தை சொல்வார். திரும்பி வரும்போது அதன் மிச்சத்தைச் சொல்வார்.

"கொஞ்சம் இருங்கோவன் அண்ணை, பாக்கிற எனக்குக் கால் நோகுது."

"நீர் ரயில்ல வாறீர் தங்கச்சி. நான் இல்ஃபோர்ட்டில இருந்து நடந்து வாறன்."

எங்களுக்கு வேலை, நகரத்தின் நடுவில், பழைய கையெழுத்துப் புத்தகங்களைப் பாதுகாக்கிற ஒரு நூலகத்தில். ஆராய்ச்சிக்காரர்கள் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். நாங்கள் கீழே குளிர் அறைக்குப் போய் அந்தப் பெட்டியை எடுத்து, தள்ளுவண்டியில் வைத்து, லிப்டில் மேலே கொண்டு வருவோம். மேசையில் நுரைத் தாங்கி வைத்து, அதன்மேல் புத்தகத்தைத் திறந்து கொடுப்போம். பேனா கொண்டு வரக்கூடாது, பென்சில் மட்டும். எல்லோரும் நினைப்பதுபோலக் கையுறை போடுவதில்லை. கையுறை போட்டால் விரலுக்குத் தாள் தெரியாமல் கிழித்துவிடுவோம். கையை நன்றாகக் கழுவித் துடைத்தால் போதும்.

அவர் அதிகம் தூக்கிய பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. தோலில் எழுதியது, ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேல் பழையது. மழைநாளில் அதன் தாள்கள் தாமாக நெளியும். துணியால் சுற்றிய ஈயச் சரத்தை மேலே படுக்க வைத்துத்தான் அடக்க வேண்டும். அந்தச் சரத்துக்கு எங்கள் இடத்தில் பாம்பு என்று பெயர். "புத்தகம் இண்டைக்கு எழும்பப் பாக்குது, பாம்பைக் கொண்டுவாரும்" என்பார்.

புத்தகம் முழுக்கக் கடிதங்கள். அந்தக் காலத்து பிஷப்மாரும் பாதிரிமாரும் மடத்துத் தலைவர்களும் ஒருவருக்கொருவர் எழுதியவை. அவர்கள் கையால் எழுதிய கடிதங்கள் எப்போதோ அழிந்துபோய்விட்டன. ஏதோ ஒரு மடத்தில் ஒரு துறவி, இவை நல்ல கடிதங்கள், நாளைக்கு எங்களுக்கும் உதவும் என்று நினைத்து, அவற்றைப் பார்த்து எழுதி வைத்ததால் இவ்வளவாவது மிஞ்சியிருக்கிறது. உதவுவதற்காக எழுதியதால் அந்தத் துறவி பல இடங்களில் பெயர்களை விட்டுவிட்டார். யார் யாருக்கு எழுதியது என்ற இடத்தில் 'இன்னாருக்கு இன்னார் எழுதுவது' என்று மட்டும் இருக்கும். திகதியும் இருக்காது. பின்னால் வருகிறவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இதெல்லாம் எனக்கு லத்தீன் தெரிந்து சொல்வதில்லை. அவருக்கும் தெரியாது. வாசிப்பு அறையின் திறந்த அலுமாரியில் அந்தக் கடிதங்களின் ஆங்கில அச்சுப் புத்தகம் இருந்தது. மதிய இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிடும்போது அவர் ஒரு கையில் இடியப்பப் பெட்டியும் மறு கையில் வாசித்துக் குறித்துக்கொண்ட தாளுமாகச் சாப்பாட்டு அறையைச் சுற்றி வருவார்.

"தங்கச்சி, ஒரு பிஷப் இன்னொரு பிஷப்புக்கு மிளகு அனுப்பியிருக்கிறார். கொஞ்ச மிளகு, கொஞ்சம் சாம்பிராணி. எங்கட பக்கத்தாலதான் போயிருக்கும்."

"என்னத்துக்கு அண்ணை, ரசம் வைக்கவோ?"

"அவையளுக்கெங்க ரசம் தெரியும், பாவங்கள்."

ஒரு விஷயம் மட்டும் அவருக்குப் பெரிய கோபம். கடிதங்கள் பலவற்றின் முடிவில், 'மிச்சத்தை இதைக் கொண்டுவருகிறவர் வாயால் சொல்வார்' என்று இருக்குமாம். "விஷயம் முழுக்க அந்த மிச்சத்திலதான் கிடக்கு. கொண்டுபோனவன் போய்ச் சொல்லியிருப்பான், பிறகு செத்திருப்பான். எங்களுக்குக் கிடைச்சது கும்பிடு மட்டும்" என்று தாளை மடித்து வைப்பார்.

அந்தக் கும்பிடைத்தான் அவர் நன்றாகப் படித்துக்கொண்டார். சனிக்கிழமைகளில் இல்ஃபோர்ட்டில் ஒரு தமிழ்க் கடையில் ஆட்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார். நகரசபைக் கவுன்சிலுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, வீட்டுக்காரருக்கு, விசாவுக்கு. மேசை கதிரை ஒன்றும் கிடையாது. மீன் வைக்கிற பெரிய பிரீசரின் மூடிதான் மேசை. அவர் நின்றுகொண்டு எழுதுவார். எதிரே நிற்பவர் தன் கஷ்டத்தைச் சொல்வார். நடுவில் யாராவது வந்து, "அண்ணை, ஒருக்கால் பேப்பரைத் தூக்குங்கோ, விளைமீன் எடுக்க வேணும்" என்பார்கள். அவர் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விலகி நிற்பார். மூடி திறந்து குளிர்ப் புகை வரும். மூடினதும் ஈரத்தைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, "ம், சொல்லும், கூரை ஒழுகுது, பிறகு?" என்பார்.

அவர் எழுதுகிற கடிதத்தில் முதலில் பணிவு இருக்கும். தங்களைப் போன்ற வேலைமிக்கவரைத் தொந்தரவு செய்ய எனக்குத் தகுதியில்லை என்பதுபோல் இரண்டு வரி. பிறகு நன்றி. பிறகு ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு தடவை ஒருவருக்குக் குப்பைத் தொட்டி மாற்றித் தரும்படி எழுதிய கடிதத்தில் அப்படியே பிஷப் பாஷை வந்துவிட்டது. தொட்டி வந்ததோடு, இவ்வளவு அழகான கடிதம் எங்களுக்கு வந்ததில்லை என்று பதிலும் வந்தது. கடைக்காரர் அதைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டி வைத்தார், அதில் குப்பை என்ற சொல் மூன்று தடவை வருவதைப் பற்றிக் கவலைப்படாமல்.

யாரிடமும் அவர் எதுவும் வாங்கியதில்லை. "ஒரு கொப்பி எனக்கு" என்பார், அவ்வளவுதான். அந்தப் பிரதியில் பெயர், விலாசம், திகதி, பிள்ளைகளின் வயது எல்லாவற்றையும் வெள்ளை மையால் அழிப்பார். அழித்ததைக் கடையிலிருந்த இயந்திரத்தில் மறுபடி பிரதி எடுப்பார், அழித்த தடமும் தெரியாமல் போவதற்கு. பிறகு பைலில் போடுவார். பைல்கள் பிரீசருக்கு மேலே தட்டில் இருந்தன. 'வீடு', 'பள்ளிக்கூடம்', 'விசா' என்று மூன்று. அடுத்தவர் வரும்போது அதிலிருந்து பொருத்தமான வசனங்களை எடுத்துக் கோர்ப்பார்.

"பேர் கிடந்தா அந்தக் கடிதம் அந்த ஆளோட முடிஞ்சுபோயிடும் தங்கச்சி. பேரைக் கழட்டிவிட்டா அது நடந்து திரியும்."

கடிதத்தோடு அது நிற்கவில்லை. பார்சல் வந்தால் பிரிப்பதற்கு முன் தன் பெயர் ஒட்டியிருக்கிற தாளை நகத்தால் உரிப்பார். வேலை முடிந்து வாசலைத் தாண்டுவதற்குள் கழுத்து அட்டை சட்டைப் பைக்குள் போய்விடும். மற்றவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். கூரை ஒழுகுகிற பிள்ளை, மகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்காதவர், என்றுதான் சொல்வார். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். அவர் லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் பதினாறு வருடம் இருந்தவர். "ஒரு பேரோட வெளிக்கிட்டன், இன்னொரு பேரோட போய் இறங்கினன், மூண்டாவது பேரில வேலை செய்தன். மூண்டும் கூப்பிட்டாத் திரும்பிப் பாப்பன். ஒண்டும் ஒட்டேல்லை" என்று சிரித்துவிட்டு லிப்டுக்காகக் காத்திராமல் படியால் இறங்கிப் போனார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. சிரிக்க வேண்டிய கதையா என்று தெரியவில்லை.

அந்தச் சின்னப் புத்தகத்தைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அடிக்கடி வருவார். அறுபது வயதிருக்கும், பூதக்கண்ணாடி வைத்திருப்பார். அதில் இரண்டு கடிதங்கள் தம்பி இறந்துபோனதற்கான ஆறுதல் கடிதங்கள். இரண்டிலும் அநேகமாக ஒரே வார்த்தைகள். ஒன்றில் பெயர் இருக்கிறது, மற்றதில் இல்லை. எது உண்மையாக எழுதியது, எது பார்த்து எழுதியது என்று கண்டுபிடிக்க இரண்டு வருடமாகப் பாடுபடுவதாக ஒரு நாள் எங்களிடம் சொன்னார்.

அண்ணை பாம்பை எடுத்துச் சுருட்டிக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டார், "இரண்டு பேருக்கும் தம்பி செத்திருக்கலாம்தானே, மேடம்?"

அந்தப் பெண்மணி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அண்ணையைப் பார்த்தார். "இருக்கலாம். ஆனால் இந்தக் கண்ணீர் ஒருவருடையதாகத்தான் இருக்க முடியும்" என்றார். அண்ணை அதை ஒப்புக்கொள்ளவில்லை. பின்னேரம் ரயிலில் என்னைக் கடக்கும்போதெல்லாம், "என்ன கதை கதைக்கிறா அந்த மனுசி" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அப்போது எனக்கு அவர் பக்கம் நியாயமாகத்தான் பட்டது.

பிறகு என் கணவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலப்பக்கம் கையும் காலும் பாதிதான் பழைய நிலைக்குத் திரும்பின. நாங்கள் இருந்தது மூன்றாம் மாடி. லிப்ட் இல்லை, நாற்பத்திரண்டு படி. வாரத்தில் மூன்று நாள் பயிற்சிக்குக் கூட்டிப்போக வான் வரும். கீழ்த்தளத்து வீடு கேட்டு நான் கவுன்சிலுக்குக் கொடுத்த படிவத்துக்கு ஏழு மாதமாகப் பதில் இல்லை. அந்த ஏழு மாதமும் எனக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை. வேலையில் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்தால் முதலில் கதவடியில் தபால் கிடக்கிறதா என்று பார்ப்பேன், பிறகுதான் இவரைப் பார்ப்பேன்.

ஒரு சனிக்கிழமை பிரீசருக்கு முன்னால் நானும் போய் நின்றேன்.

"நீரோ? உமக்கும் எழுத வேணுமோ? முதலே கேட்டிருக்கலாமே."

"கூச்சமாக் கிடந்தது அண்ணை."

"சொல்லும்."

சொன்னேன். இவர் படி இறங்கும்போது என்னைப் பிடிக்க விடமாட்டார். நீ பிடிச்சா ரெண்டு பேரும் விழுவம் என்பார். நான் மேலே குசினியில் நிற்பேன். அவர் ஒவ்வொரு படிக்கும் சத்தமாக எண்ணிக்கொண்டு இறங்குவார், தான் விழாமல் இருக்கிறேன் என்று எனக்குத் தெரிவதற்கு. எண்ணுவது நின்றால் நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நிற்பேன். மறுபடி எண்ணத் தொடங்கினால் பற்ற வைப்பேன்.

அண்ணை பேனாவைத் தூக்கியபடி நின்றார். "அதைத் திருப்பிச் சொல்லும்" என்றார். திருப்பிச் சொன்னேன். எழுதினார். ஒரு வசனம்தான், ஆனால் என் வீடு முழுக்க அதற்குள் இருந்தது. வீட்டில் இவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"என்னைப் பற்றியோ எழுதியிருக்கு?"

"பின்னே ஆரைப் பற்றி?"

"பாவம் அந்த மனுசன்" என்றார்.

ஆறு வாரம் கழித்துக் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் விண்ணப்பத்தில் உள்ள ஒரு பகுதி வேறொரு விண்ணப்பத்திலும் அதே வார்த்தைகளில் இருக்கிறது, நேரில் வந்து விளக்கவும், அதுவரை பரிசீலனை நிறுத்தி வைக்கப்படுகிறது என்று. மற்ற விண்ணப்பம் எங்களுடையதற்கு ஒன்பது நாள் முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. எங்கள் கடிதத்தைத் தபாலில் போட நான் இரண்டு வாரம் தயங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கடைக்கு ஓடினேன். அவர் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் யாரோ ஒருவரின் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன். நின்றபடி வாசித்தார்.

"அண்ணை, அது என்ர வீட்டுக் கதை. நான்தான் உங்களுக்குச் சொன்னது."

"சொல்லியிருப்பீர்."

"சொல்லியிருப்பீரோ? நான் சொன்னனான்! இந்த இடத்தில நிண்டு ரெண்டு தரம் சொன்னனான்!"

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதை நானே கேட்டதில்லை.

அவர் 'வீடு' பைலை இறக்கினார். தாள்களைப் புரட்டினார். அந்த வசனம் மூன்று கடிதங்களில் இருந்தது. ஒன்றில் கணவர், ஒன்றில் தாயார், ஒன்றில் மாமனார். பெயர் இல்லை, திகதி இல்லை. மூன்றும் ஒரே வெள்ளையாக இருந்தன. முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஒரு வசனம் வந்தா, ஆர் தந்தது எண்டு நான் வைச்சிருக்கிறேல்லை, தங்கச்சி. நல்லதெண்டா எடுத்து வைச்சிடுவன். ஆர் முதல் வந்தது எண்டு… நீரா, அவளா…"

"எவள்?"

"நாலாம் மாடிப் பிள்ளை. உங்கட ரோட்டின்ர மற்றப் பக்கம். தாய்க்கு முழங்கால் ஏலாது."

அந்தத் தாயை நான் கண்டிருக்கிறேன். எப்போது பார்த்தாலும் ஜன்னலில் இருப்பார், தெருவைப் பார்த்துக்கொண்டு.

அண்ணை பைலை மூடிவிட்டு ஒரு அரிசி மூட்டையில் உட்கார்ந்தார். மூன்று வருடத்தில் அவர் உட்கார்ந்து நான் கண்டது அன்றுதான். உட்கார்ந்தவுடன் வயது போனவராகத் தெரிந்தார்.

"செவ்வாய்க்கிழமை கூப்பிட்டிருக்கினம். வந்து அது என்னுடையது எண்டு சொல்லுவியளோ?"

"வாறன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை வந்தார். கோட்டுப் போட்டு, முகம் மழித்து, எனக்கு முன்னாலேயே வந்து கவுன்சில் வாசலில் நடந்துகொண்டிருந்தார். அதிகாரி ஒரு இளம் பெண், களைத்த முகம். ஆனால் மரியாதையாகப் பேசினார். மேசையில் இரண்டு கடிதங்களையும் பக்கம் பக்கமாக வைத்தார். மற்றக் கடிதத்தின் பெயரையும் விலாசத்தையும் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். அண்ணை குனிந்து பார்த்துவிட்டு என் காதுக்குள், "வடிவா மறைச்சிருக்கினம்" என்றார். எனக்கு அவரைக் கிள்ள வேண்டும்போல் இருந்தது.

அதிகாரி முதலில் அவருடைய பெயரைக் கேட்டார். அவர் கொஞ்சம் பொறுத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அவருடைய முழுப்பெயரை அன்றுதான் கேட்டேன்.

"இரண்டையும் நீங்கள்தான் எழுதினீர்களா?"

அண்ணை தொடங்கினார். தங்களைப் போன்றவருடைய நேரத்தை வீணாக்க எனக்குத் தகுதியில்லை என்றாலும் தாங்கள் அழைத்த அன்பினால் துணிந்து வந்திருக்கிறேன் என்று. அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"நன்றி. சுருக்கமாகச் சொன்னால் போதும். இந்த வசனம் யாருடைய வீட்டில் நடக்கிறது?"

நான் அண்ணையைப் பார்த்தேன். ஒரு சொல்தான் வேண்டும். 'இவருடைய வீட்டில்' என்றால் முடிந்தது.

"எனக்குத் தெரியாது, மேடம். நான் பெயர்களை எடுத்துவிடுவேன்."

"ஞாபகமும் இல்லையா?"

"இரண்டு வீட்டிலும் படி இருக்கிறது, மேடம்."

அதிகாரி இரண்டு கடிதங்களையும் ஒன்றாகச் சேர்த்து எடுத்தார். அவை இரண்டும் அவருடைய பைலுக்குள் போனால் எங்கள் கதை முடிந்தது என்று விளங்கியது. வாய் திறந்தேன். என் ஆங்கிலம் கடையில் சாமான் கேட்கிற அளவுக்குத்தான் வரும்.

"நாளைக்கு வாருங்கள்" என்றேன். "பத்து மணி. வான் வரும். அவர் இறங்குவார். நீங்கள் என் குசினியில் நில்லுங்கள். காகிதம் வேண்டாம். கேளுங்கள்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மேலும் பேசினேன். நடு மாடியில் ஒருவர் பிள்ளை வண்டியை வைத்துவிடுவார், இவர் அதைத் தாண்ட முடியாமல் அங்கேயே நிற்பார். விழுந்தது இரண்டு தடவை. ஒரு தடவை என்னிடம் மறைத்தார், சட்டையைக் கழற்றும்போது முதுகில் கண்டேன். இதெல்லாம் எந்தக் கடிதத்திலும் இல்லை. நான் யாருக்கும் சொல்லாதவை.

அதிகாரி தன் நாட்குறிப்பைப் பார்த்து, "பத்து மணிக்கு வருகிறேன்" என்றார்.

மற்ற வீட்டுக்கும் போய்ப் பாருங்கள், அங்கேயும் ஒரு தாய் ஜன்னலில் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வாய்வரை வந்தது. சொல்லவில்லை. கூச்சத்தால் விட்டுவிட்டேன் என்று பலநாள் என்னைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன். கூச்சம் மட்டும் காரணமில்லை. ஒரு வீடுதான் இருந்தால் என்ன செய்வது என்ற நினைப்பும் இருந்தது.

வெளியே வந்து நடந்தோம். அவர் எனக்கு முன்னால் பத்தடி போவார், திரும்பி வருவார். பஸ் நிறுத்தத்தில் சொன்னார்:

"மற்றதைச் சொல்லேல்லையே, தங்கச்சி."

"நீங்கள் என்ரையைச் சொல்லேல்லையே, அண்ணை."

பஸ் வந்தது. நான் ஏறினேன். அவர் நடந்தே வருவதாகச் சொல்லிவிட்டு நின்றுவிட்டார்.

அவர் உண்மையாகவே மறந்துபோனாரா, அந்த நாலாம் மாடிப் பிள்ளையின் விண்ணப்பம் விழுந்துவிடக்கூடாது என்பதற்காகத் தெரியாது என்றாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு வேலையிடத்தில் வேலைக்கு வேண்டியதைப் பேசினோம். பெட்டி, பாம்பு, லிப்ட். ரயிலில் அவர் முன்போல நடப்பார். என்னைக் கடக்கும்போது தலையை ஆட்டுவார். எட்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு ஜெர்மனிக்கே மகளிடம் போய்விட்டார். போகும்போது எனக்கு ஒன்றும் எழுதித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அந்த வெள்ளைக்காரப் பெண்மணி இன்னும் வருகிறார். அண்ணை எங்கே என்று ஒரு தடவை விசாரித்தார். தம்பிகளின் விஷயம் முடிந்ததா என்று கேட்க நினைத்து, கேட்காமல் புத்தகத்தைத் தாங்கியில் வைத்துவிட்டு வந்தேன்.

எங்களுக்கு ஐந்து மாதம் கழித்துக் கீழ்த்தளத்து வீடு கிடைத்தது. வாசலில் ஒரு படிகூட இல்லை. நாலாம் மாடி ஜன்னலில் ஒரு நாள் திரை மாறியிருந்தது. வீடு கிடைத்துப் போனார்களா, வேறு ஏதாவதா, நான் விசாரிக்கவில்லை. பைல்கள் கடையில் பிரீசருக்கு மேலேயே இருக்கின்றன. இப்போது ஆட்கள் தாங்களாகவே எடுத்துப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். போன மாதம் இறால் வாங்கப் போனபோது ஒரு பிள்ளை 'வீடு' பைலை மூடியில் விரித்து வைத்துப் போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றது. எட்டிப் பார்த்தேன். அந்த வசனம்தான். எத்தனை பேருடைய வீட்டில் என் கணவர் எண்ணிக்கொண்டு படி இறங்குகிறாரோ தெரியாது. மூடியைத் திறக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமைக்கு மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

அதிகாரி பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்தார். குசினியில் கதவோரம் நின்றார். தேநீர் வேண்டாம் என்றார். அடுப்பில் பருப்பு இருந்தது. வான்காரர் மணி அடித்தார். இவர் புதுச் சட்டை போட்டிருந்தார். வெளியாள் வந்திருந்ததால் எண்ணாமல் இறங்கினார். நான் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்க ஏழு நிமிடம் ஆனது. அதிகாரி என்னையும் அடுப்பையும் பார்த்தார், எழுதிக்கொண்டார், படிகளை அளந்தார், போனார். நான் ஒரு மணி ஷிப்ட்டுக்குப் போனேன். அண்ணை அன்று வரவில்லை, சுகமில்லை என்று போன் செய்திருந்தார். மழை பெய்தது, அந்தச் சின்னப் புத்தகத்தின் மேல் பாம்பை நான்தான் வைத்தேன்.